நள்ளிரவு வரை திறக்காத பெட்டிகள்

முதல் நாள், செவ்வாய்

லியோனில் ரயிலை விட்டு இறங்கும்போது மணி நாலரை. அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. "இந்தக் குளிரில் யாராவது பிரான்சுக்குப் போவார்களா?" என்று கேட்டவர்கள் நிறைய. கோடையில் வந்தால் கொடி பச்சையாக இருக்கும், அக்டோபரில் வந்தால் இலை சிவந்திருக்கும். நவம்பர் நடுவில் மொட்டைக் கொடியும் மூடுபனியும்தான். ஆனால் நாங்கள் தேடி வந்தது ஒரு கிழமையை. நவம்பரின் மூன்றாவது வியாழன். அன்றுதான் அந்த ஆண்டு அறுவடையின் முதல் ஒயினான பொஜொலே நூவோ விற்பனைக்கு வருகிறது. செப்டம்பரில் கொடியில் தொங்கிய திராட்சை, மூன்று மாதம்கூட ஆகாமல் கோப்பைக்கு வந்துவிடுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த ஒயின் மேல் பெரிய மரியாதை கிடையாது. நாலைந்து தடவை குடித்திருக்கிறேன். மிட்டாய் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். நல்ல விளம்பரம், சுமாரான சரக்கு என்பதுதான் என் எண்ணம். இந்தப் பயணம் மனைவியின் யோசனை. அவள் குடிப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் மாணவராக இருந்த காலத்தில், லியோனுக்கு வடக்கே இந்த ஒயின் விளைகிற பொஜொலே வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் தோட்டத்துக்கு அறுவடைக் கூலியாகப் போய்வந்தவர். அவர் கடிதம் எழுதிச் சொல்ல, அந்தக் குடும்பம் "வாருங்கள்" என்று சொல்லிவிட்டது. பெயர் போடுவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. அதனால் இந்தக் குறிப்புகளில் அவர்கள் 'குடும்பம்' மட்டுமே.

இரவு ஒரு பூஷோனில் சாப்பாடு. லியோனின் பழைய பாணிச் சிறு உணவகங்களுக்கு அந்தப் பெயர். பட்டியலில் 'பட்டு நெசவாளியின் மூளை' என்று ஒன்று இருந்ததைப் படித்துச் சொன்னதும் மனைவி முகத்தைச் சுளித்தாள். வந்தது என்னவோ பூண்டும் பச்சிலையும் கலந்த வெறும் பாலாடைக்கட்டி. ஒயின் வந்த குப்பிதான் எனக்குப் பிடித்தது. இங்கே 'போ' என்பார்கள். அரை லிட்டர் இருக்கும்போலத் தெரியும், பிடிப்பது 46 சென்டிலிட்டர். மிச்சமெல்லாம் அடியில் தடித்த கண்ணாடி. லியோனில் ஓடும் ஆறுகள் மூன்று, ரோன், சோன், அப்புறம் பொஜொலே என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

நூவோ இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். பரிமாறியவர் சுவரில் இருந்த நாள்காட்டியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், புதன்

காலையில் பெல்வில் வரை உள்ளூர் ரயில். வலது பக்கம் சோன் ஆறு இருப்பதாக வரைபடம் சொன்னது, கண்ணுக்குத் தெரிந்தது பனி மட்டும். பெல்வில்லில் இருந்து மேற்கே பேருந்து. கொஞ்சம் ஏறியதும் பனி கீழே தங்கிவிட்டது, மேடுகள் தெரிந்தன. இளஞ்சிவப்புக் கருங்கல் பொடிந்து மணலாகிக் கிடக்கிற சரிவுகள். அதில் முழங்கால் உயரத்துக்குக் கை விரித்த மாதிரி நிற்கிற குட்டைக் கொடிகள். கம்பி, பந்தல் எதுவும் இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனிச் செடி போல நிற்கிறது. கோப்பை வடிவம் என்று இதற்குப் பெயர். குனிந்தே வேலை பார்க்க வேண்டும்.

ரகம் ஒன்றே ஒன்று, கமே. இந்தத் திராட்சைக்கு வசை வரலாறு உண்டு. பர்கண்டியின் பிரபு துணிச்சல்காரர் ஃபிலிப் 1395-இல் ஆணை போட்டுத் தன் நாட்டிலிருந்து இதைப் பிடுங்கி எறியச் சொன்னார். 'மிகக் கெட்ட, விசுவாசமில்லாத கொடி' என்று அந்த ஆணையிலேயே திட்டியிருக்கிறார். பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் அது சுமார்தான். தெற்கே இந்தக் கருங்கல் மண்ணில் வேரூன்றிக்கொண்டது.

குடும்பத்தின் வீடு லாந்தினியே பக்கம். மூன்று தலைமுறையும் ஒரே முற்றத்தில். எண்பதைத் தாண்டிய பாட்டி, அவருடைய மகன், மகனின் மகள். பேத்தி ஒயின் படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடம் வெளியே வேலை பார்த்துத் திரும்பியவர். பாட்டியை எல்லோரும் 'மேமே' என்கிறார்கள். அரை மணி நேரத்தில் என் மனைவியும் 'மேமே' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது, அது ஒரு தடையாகவே இல்லை. மேமேயின் கணவர் காலத்தில் நிலம் இவர்களுடையது இல்லையாம். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி பாடுபட்டவருக்கு என்கிற வாரம். பொஜொலேயில் வெகுகாலம் நடந்த ஏற்பாடு அது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி இன்று ஒன்பது ஹெக்டேர் சொந்தம்.

ஒயின் ஆகிற இடத்தை இங்கே 'கியுவாஜ்' என்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஈரச் சிமென்ட், புளித்த பழம், கார்ட்போர்டு மூன்றும் கலந்த வாசம். சுவரோடு சுவராகச் சிமென்ட் தொட்டிகள், நடுவில் பிழியும் எந்திரம், வாசலை அடைத்தபடி தலைக்கு மேல் அடுக்கிய பெட்டிகள். நாளைய சரக்கு. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும், நவம்பர் மூன்றாம் வியாழனுக்கு முன் விற்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது.

பேத்தி என்னைத் தொட்டியின் மேல் ஏற்றிவிட்டுச் செய்முறையைச் சொன்னார். நான் நினைத்திருந்தது மாதிரி இல்லை. மற்ற சிவப்பு ஒயினுக்குப் பழத்தைக் காம்பு நீக்கி நசுக்குவார்கள். இங்கே நசுக்குவதே இல்லை. கையால் வெட்டிய குலையை அப்படியே முழுசாகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் இருக்கிற பழம் பாரம் தாங்காமல் தானே நசுங்கிச் சாறு விடுகிறது. அந்தச் சாறு ஈஸ்டினால் நொதிக்கத் தொடங்கும்போது வருகிற கரியமில வாயு தொட்டி முழுவதையும் நிரப்பிக் காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. மேலே இருக்கிற முழுப் பழத்துக்கு இப்போது மூச்சுவிடக் காற்று இல்லை. அது ஈஸ்டின் துணை இல்லாமலே தன் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்குகிறது. உள்ளே ஏறத்தாழ இரண்டு சதவீதம் சாராயச் சத்து சேர்ந்ததும் பழத்தின் செல்கள் செத்துத் தோல் இளகிவிடும். இந்த வழியில் பழத்தின் புளிப்பு குறைகிறது, தோலின் நிறம் இறங்குகிறது, துவர்ப்பு மட்டும் அதிகம் இறங்குவதில்லை. அதனால்தான் நூவோவைச் சில வாரத்திலேயே குடிக்க முடிகிறது.

"நூவோவுக்கு ஐந்து நாள் தொட்டி. ரேன்யேவுக்குப் பன்னிரண்டு" என்றார். ரேன்யே என்பது பக்கத்து ஊர். பொஜொலேயில் 'க்ரூ' என்று தனிப்பெயர் பெற்ற 10 இடங்களில் கடைசியாக, 1988-இல், பட்டியலில் சேர்ந்தது. அங்கே இவர்களுக்கு ஒன்றரை ஹெக்டேர் இருக்கிறது. க்ரூ ஒயினை நூவோவாக விற்கச் சட்டம் இடம் கொடுக்காது. ஒரே கமே, ஒரே குடும்பம், ஒரே தொட்டி வரிசை. ஒன்று நவம்பரில் ஓடுகிறது, இன்னொன்று காத்திருக்கிறது.

அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கப் போனேன். கீழேயிருந்து பேத்தியின் அப்பா ஒரு அதட்டு அதட்டினார். தொட்டி காலிதான், ஆனாலும் அறுவடைக் காலத்துப் பழக்கம். கரியமில வாயு காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளும் தரையோரமும் தேங்கி நிற்கும். கண்ணுக்கும் தெரியாது. இறங்குவதற்கு முன் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது அவர் அப்பா காலத்து முறை. இப்போது இடுப்பில் ஒரு கருவி.

பிழிந்ததும் முதலில் வருகிற சாறுக்கு இங்கே பெயர் 'பராடி', அதாவது சொர்க்கம். கலங்கலாக, பாதி சாறு, பாதி ஒயினாக, இனிப்பாக இருக்குமாம். அது செப்டம்பரில் பிழியும் இரவுகளில் மட்டும், எந்திரத்தின் வாயில் கிளாஸைப் பிடித்தவர்களுக்கு மட்டும். நான் இரண்டு மாதம் தாமதம்.

சரி, நூவோவை ஒரு வாய் பார்க்கலாமா என்று கேட்டேன். அப்பா சிரித்தபடி தலையாட்டினார். "நள்ளிரவுக்கு அப்புறம்." பெட்டி எட்டடி தூரத்தில் இருக்கிறது! 1951 நவம்பர் 13-இல் வந்த ஒரு அரசு அறிவிப்புதான், டிசம்பர் வரை காத்திருக்காமல் இந்தப் புது ஒயினை விற்க வழி திறந்தது. பிற்பாடு நவம்பர் 15 என்று நிலையான தேதி ஆனது. அது சனி, ஞாயிறில் விழுந்தால் சரக்கு அனுப்புவது கஷ்டம் என்று 1985-இல் மூன்றாவது வியாழன் ஆக்கினார்கள். ஜப்பானுக்குப் போகிற பெட்டிகள் ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டன. பிரான்சைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிற நாடு, இங்கே மாலை நாலு மணி ஆகும்போதே அங்கே தக்கை திறந்துவிடும். "எங்கள் ஒயினை எங்களுக்கு முன்னால் அவர்கள் குடிப்பார்கள்" என்று அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

மேமே மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் மேசையில் உட்கார்ந்து ஒயின் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். எந்திரம் இருக்கிறது. ஆனால் ஒயின் கெடாமல் காக்கிற சல்ஃபைட் என்கிற பொருளைச் சேர்க்காத சின்னத் தொகுதிக்குக் கைதான். ஒரு புட்டியில் லேபிள் மயிரிழை சாய்ந்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் வெந்நீர்த் துணியை அதன் மேல் சுற்றி, கொஞ்சம் பொறுத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, கிழியாமல் முழுதாக உரித்து எடுத்தார். புட்டியை முந்தானையால் துடைத்து வேறொன்று ஒட்டினார். முந்தானை என்றா எழுதினேன், மேலங்கியின் முன்துணி. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த புட்டியைத் துடைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். மதியம் முழுக்க அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

புதன் நள்ளிரவு தாண்டி

அறைக்கு வந்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போஜு, இரண்டு மேடுகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கிற சின்ன ஊர். பொஜொலேக்கு பெயர் கொடுத்ததே இந்த ஊர்தான். இங்கே நடப்பது சார்மான்தெல் விழா. குளிர்காலத்தில் கொடியைக் கவாத்து செய்யும்போது விழுகிற குச்சிக்கு 'சார்மான்' என்று பெயர், அதிலிருந்து வந்தது. அந்தக் குச்சிக்கட்டுகளைக் கொளுத்தி இழுத்து வருகிறார்கள், பின்னால் தீவட்டி, பின்னால் வாத்தியக்காரர்கள், அதற்கும் பின்னால் நாங்கள். கவாத்துக் குச்சி எரிகிற புகை லேசான இனிப்பு வாசம் உடையது. கோட்டெல்லாம் அதுதான் இப்போது.

பன்னிரண்டுக்குக் கூட்டமே பின்னோக்கி எண்ணியது. பீப்பாயில் குழாயை அடித்து இறக்கியதும் முதலில் வந்தது ஒயின் இல்லை, நுரை. அப்புறம் ஊதாச் சிவப்பில் ஒரு கம்பி. பிளாஸ்டிக் கோப்பையில் கொஞ்சம் கிடைத்தது. குளிரில் மூக்கு மரத்துப்போன எனக்கு வெறும் ஈரம்தான். கோப்பையை வாங்கி மோந்து பார்த்த மனைவி சொன்னாள்: "ஏங்க, இது வாழைத்தார் பழுக்கவைத்த அறை வாசம்ல?"

அதேதான். இத்தனை வருஷம் மிட்டாய் மிட்டாய் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது வாழைப்பழம்!

திரும்பி வர ஊர்ப் பேருந்து எதுவும் இல்லை. குடும்பத்தின் உறவுக்காரப் பையன் ஒருவன் சொட்டுக்கூடக் குடிக்காமல் காரோடு நின்றிருந்தான். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்பது இங்கே ஓட்டுநருக்கு வரம்பு, புதிதாக உரிமம் வாங்கியவனுக்கு 0.2 தான். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் ஊதச் சொன்னார்கள். பையன் பெருமையாக ஊதினான்.

மூன்றாம் நாள், வியாழன்

காலை பத்து மணிக்கே முற்றம் நிரம்பிவிட்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், பழைய அறுவடைக் கூலிகள், கார் நிறைய வாங்கிப் போக லியோனில் இருந்து வந்தவர்கள். பெரிய பாத்திரத்தில் திராட்சைச் சக்கை மேல் வைத்து வேகவைத்த பன்றி இறைச்சி சாசேஜ் ஆவி பறந்தது. பிழிந்த சக்கையை வீணாக்குவதில்லை. எங்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்.

இந்தப் பருவத்துக்கு மூன்று ஒயின். பொஜொலே வில்லாஜ் நூவோ, 8 யூரோ. அதே திராட்சையில் சல்ஃபைட் சேர்க்காதது, 11 யூரோ, மேமேயின் கைலேபிள். அப்புறம் ரோஸ் என்கிற இளஞ்சிவப்பு ஒயினில் நூவோ ஒன்று. ரோஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, குளிரவைத்தால் நன்றாயிருக்கும், அன்றைக்கு வெளியே குளிர் போதாதா.

முதல் ஒயினை மனைவியிடம் நீட்டினேன். மோந்தாள். "வாழைப்பழம் இல்லையே" என்றாள். "செர்ரி மாதிரி, அப்புறம் ஏதோ பூ." திரும்பவும் மோந்தாள். நான் குடித்தேன். அவள் சொன்னது சரி.

பேத்தியிடம் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், ஆண்டு முழுக்க இந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் மாதிரி. வாழைப்பழ வாசத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட் என்கிற பொருள். வாழைப்பழத்திலும் அதேதான் மணக்கிறது. முழுக்குலை நொதித்தலில் இயல்பாகவே கொஞ்சம் உண்டாகும். ஆனால் 71பி என்று பாக்கெட்டில் விற்கிற ஒரு ஈஸ்ட் அதை அள்ளிக் கொடுக்கும். எண்பதுகளில் உலகம் முழுக்க நூவோ பறந்தபோது அந்த ஈஸ்ட்தான் பலருக்குக் கைகொடுத்தது. எல்லாப் புட்டியும் ஒரே மாதிரி மணந்தது. இவர்கள் வாங்கும் ஈஸ்டை விட்டு ஆறு வருடம் ஆகிறது. தோட்டத்திலிருந்து பழத்தோடு வருகிற ஈஸ்ட் போதும். கொஞ்சம் மெதுவாக நடக்கும், சில வருடம் பயமுறுத்தும். பக்கத்தில் லா ஷாப்பெல்-த-கேன்ஷே ஊரில் வாழ்ந்து 1989-இல் மறைந்த ஜூல் ஷோவே, ஒயின் வியாபாரியாகவும் வேதியியலாளராகவும் இருந்துகொண்டு இந்த வழியைக் காட்டியவர். மோர்கோன் ஊரின் ஒயின்காரர் மார்செல் லாபியேர் போன்றவர்கள் அவரிடம் கற்று அதைப் பரப்பினார்கள். பேத்தி ஷோவே பெயரைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

ஆக, செவ்வாய் இரவு நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விளம்பரம் என்று சொன்னது சரி. சரக்கு சுமார் என்று சொன்னது, ஒரு பாக்கெட் ஈஸ்டைப் பற்றிச் சொன்னது.

பிற்பகலில் கூட்டம் குறைந்ததும் அப்பாவோடு தோட்டத்தில் நடந்தேன். இவ்வளவு அக்கறையாகச் செய்கிறவர்கள் ஏன் நூவோவை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாக விற்கக் கூடாது என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். செப்டம்பரில் இருபத்தைந்து பேருக்குக் கூலி, சாப்பாடு. அக்டோபரில் புட்டி, தக்கை, பெட்டி. ஜனவரியில் கவாத்து. ரேன்யே பணம் வர அடுத்த வருடம் ஆகும். நவம்பரில் கையில் காசு வருகிற ஒரே ஒயின் நூவோ. ஆனால் அதையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் வைத்திருந்தார். 2001 அறுவடைக்குப் பிறகு பொஜொலேயில் ஏராளமான ஒயின் விலைபோகாமல் தேங்கி, சாராயமாகக் காய்ச்சப் போனது. அவர் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். மாடு மேய்கிற புல்வெளி. "அது என் சித்தப்பாவின் கொடி."

மேற்கொண்டு எதுவும் பேசாமல் நடந்தோம். ரேன்யே தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் சரிவுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

நான்காம் நாள், வெள்ளி

காலையில் ப்ரூயி மலை. மலை என்று பெயர்தான், 484 மீட்டர். இங்கே கல்லே மாறிவிடுகிறது, சிவப்புப் போய் நீலம் கலந்த கருமை. உச்சியில் 1857-இல் கட்டிய சின்னக் கோவில், திராட்சைகளின் அன்னை மரியா. கொடிகளில் சாம்பல் நோய் பரவி விளைச்சலை அழித்த வருடங்களில், காப்பாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டு கட்டியது. அந்த நோய்க்குக் கந்தகம் தூவினால் கட்டுப்படும் என்பதையும் அதே காலத்தில்தான் கண்டுபிடித்தார்கள். பிரார்த்தனையா கந்தகமா என்று கேட்டால் ஊர்க்காரர்கள் இரண்டும் என்பார்கள் போல. நல்ல வெயில், சோன் பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு மாதிரி பனி. மனைவி ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ரயிலுக்கு முன் விடைபெறப் போனோம். கியுவாஜ் காலி. நேற்று சுவர் மாதிரி நின்ற பெட்டிகளில் ஏழெட்டுதான் மிச்சம். மேமே மேசையைத் துடைத்து வெந்நீர்த் துணியைக் காயப்போட்டிருந்தார். எங்களுக்கு ஆறு புட்டி கட்டிக் கொடுத்தார்கள், நான்குக்குத்தான் காசு வாங்கினார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

"வாங்க, ஒன்று காட்டுகிறேன்" என்று பேத்தி கடைசித் தொட்டிக்குக் கூட்டிப் போனார். சின்னக் குழாயைத் திருகி இரண்டு விரல்கடை பிடித்தார். இந்த வருடத்து ரேன்யே. கலங்கல், நாக்கில் ஊசி குத்துகிற மாதிரி வாயு, பற்களைக் கூசவைக்கிற புளிப்பு. பின்னால் எங்கேயோ கறுப்புப் பழம் ஒன்று இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. இன்னும் இரண்டாம் நொதித்தல் முடியவில்லை, பழத்தின் கடும்புளிப்பு பால்புளிப்பாக மாறிக்கொண்டிருக்கிறது என்றார். குளிர் அதிகமானால் அது நடுவில் தூங்கிப்போய் வசந்தத்தில்தான் எழும். ஒயின் ஈஸ்டரை முடித்துவிட்டு வரட்டும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்களாம்.

மனைவி கோப்பையை வாங்கி மோந்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "இதுதாங்க" என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை.

எப்போது புட்டியில் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். பேத்தி குழாயை மூடி, வாயைச் சட்டைக் கையால் துடைத்தார். தொட்டியின் நெற்றியில் ஒரு சின்னக் கரும்பலகை. அதில் ரகம், தோட்டம், பழம் வந்த நாள் எல்லாம் சாக்பீஸில் எழுதியிருந்தது. கடைசி வரியில் 'ஏப்ரல்', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அது லேசாக அழிந்திருந்தது. சாக்பீஸை எடுத்து மேலே திரும்ப எழுதினார், கேள்விக்குறியை மட்டும்.